குறைந்த தொற்றும் கூடிய பெருமையும்

கொள்ளைநோய் ஊருக்குள் வரும்போது அதற்குச் சொந்தக்காரர் யாரும் இருப்பதில்லை. பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தது, சந்தையிலிருந்து பரவியது, மாநாட்டுக்குப் போனவர்கள் கொண்டுவந்தார்கள் என்று எல்லோர் கையும் வேறு திசையைக் காட்டும். அது போகும்போது நிலைமை தலைகீழ். அமைச்சர், ஆணையர், கணித வல்லுநர், கஷாயம் விற்றவர் என்று ஆளாளுக்கு உரிமை கொண்டாட வந்துவிடுகிறார்கள். பிளேக், 1918இன் இன்ஃப்ளூயன்ஸா, கொரோனா என இந்தியா கண்ட மூன்று பெருநோய்களிலும் தணிந்த கட்டத்தை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எந்த நோயும் நாடு முழுவதும் ஒரே காரணத்தால் தணியவில்லை. இடத்துக்கு இடம் காரணம் வேறாக இருந்தது. அதை விசாரிக்காமல் பெருமையை மட்டும் பங்கு போட்டுக்கொண்டதற்கு நாம் கொடுத்த விலைதான் 2021 ஏப்ரலும் மே மாதமும்.

2020 செப்டம்பர் நடுவில் இந்தியாவில் ஒரே நாளில் பதிவான தொற்று 97,000ஐத் தாண்டியது. 2021 பிப்ரவரித் தொடக்கத்தில் அது பத்து, பதினோராயிரத்துக்கு இறங்கிவிட்டது. தடுப்பூசி ஜனவரி 16 அன்றுதான் தொடங்கியிருந்தது என்பதால் அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. இடையில் தீபாவளி வந்து போனது, பீகாரில் தேர்தல் நடந்தது, டெல்லி எல்லையில் விவசாயிகள் திரண்டிருந்தார்கள். எண்ணிக்கை இறங்கிக்கொண்டேதான் போனது. உச்சம் கடந்துவிட்டது, பிப்ரவரிக்குள் நோய் அடங்கிவிடும் என்று மத்திய அரசு அமைத்த கணித மாதிரிக் குழு அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. ஜனவரி 28 அன்று டாவோஸ் கூட்டத்தில் காணொலி வழியே பேசிய பிரதமர், கொரோனாவைக் கட்டுப்படுத்தியதன் மூலம் இந்தியா மனிதகுலத்தையே பெரும் அழிவிலிருந்து காத்தது என்றார். மார்ச் 7 அன்று அன்றைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ்வர்தன், கொரோனாவின் கதை முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்றார். டெல்லி சத்தர்பூரில் 10,000 படுக்கைகளுக்குத் திட்டமிட்டு அமைத்த சர்தார் படேல் சிகிச்சை மையத்தை அதற்குள் மூடியாகிவிட்டது.

அந்த பிப்ரவரியில் நாட்டின் மொத்த எண்ணை விட்டுவிட்டு மாநிலவாரிப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு வேறு சித்திரம் கிடைத்தது. சிகிச்சையில் இருந்தவர்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினர் கேரளம், மகாராஷ்டிரம் என்ற இரண்டே மாநிலங்களில் இருந்தார்கள். விதர்பாவின் அமராவதியில் தொற்று ஏறத் தொடங்கி, மாதக் கடைசியில் அங்கே மறுபடி ஊரடங்கு போட வேண்டிய நிலை வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் டிசம்பரிலும் ஜனவரியிலும் நடத்திய ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில், சுமார் ஐந்தில் ஒருவரிடம்தான் எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. மீதி நான்கு பேரை நோய் இன்னும் தொடவே இல்லை என்று அதற்கு அர்த்தம். இது ரகசிய ஆவணமல்ல, செய்தியாளர்களைக் கூட்டி அரசே வெளியிட்ட எண்.

மொத்த எண் எப்படி ஏமாற்றும் என்பதற்குத் தமிழ்நாட்டின் 2020ஐவிட நல்ல சான்று கிடையாது. மாலை ஆறு மணி வாக்கில் சுகாதாரத் துறையின் அறிக்கை வரும். தொலைக்காட்சிகள் முதல் பக்கத்தில் இருக்கும் மொத்தத்தைச் சிவப்பு எழுத்தில் ஓடவிடும். மாவட்டவாரி அட்டவணை சில பக்கங்கள் தள்ளி இருக்கும். விஷயம் முழுவதும் அந்த அட்டவணையில்தான் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியது. மே 5இல் சந்தை மூடப்பட்டது. அதற்குள் சுமைதூக்கும் தொழிலாளர்கள் கிடைத்த காய்கறி லாரியில் ஏறி ஊர் திரும்பிவிட்டார்கள். சென்னையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் பட்டியலில் திடீரென மேலே ஏறியதற்கு அதுதான் காரணம். ஆனால் அங்கே யார் எங்கிருந்து வந்தார் என்பது ஊருக்கே தெரியும். வந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்துத் தனியே வைக்க முடிந்தது. அரியலூரில் ஏறிய எண்ணிக்கை சில வாரங்களில் நின்றது. அதைத் தடமறிதலின் வெற்றி என்று தயங்காமல் சொல்லலாம்.

சென்னையின் கதை வேறு. ஜூன் 19 முதல் முழு ஊரடங்கு. ஜூன் 30 அன்று நகரில் மட்டும் ஒரே நாளில் 2,393 பேருக்குத் தொற்று. ஜூலை நடுவில் அது ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. நடுவில் மாநகராட்சி தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டது. முனையில் ஒரு ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி நான்கு, நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், ஓரமாக ஓர் அண்டாவில் கபசுரக் குடிநீர். தொற்று உறுதியான வீட்டின் வாசலில் தகரம் அடிப்பார்கள். "அவங்க வீட்டுக்குத் தகரம் அடிச்சாச்சு" என்பது அந்த மாதங்களில் தெருவுக்குத் தெரு கேட்ட வாசகம். தகரத்துக்குப் பயந்து காய்ச்சலை மறைத்தவர்களும் உண்டு. முகாமால் பிழைத்தவர்கள் ஏராளம் என்பதும் உண்மை. நகரில் தொற்று இறங்கியதற்கு முகாம் காரணமா, ஊரடங்கா, ஏற்கெனவே பலருக்கு வந்து போயிருந்ததா? ஜூலை, ஆகஸ்டில் எடுத்த ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பு ஒரு பாதி பதில் தந்தது. சென்னை முழுவதும் சராசரி 21.5 சதவீதம். தண்டையார்பேட்டையில் 44.2. மாதவரத்தில் 7.1. மாநகரப் பேருந்தில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய இரண்டு மண்டலங்களுக்கு இடையே ஆறு மடங்கு வித்தியாசம். இரண்டிலும் எண்ணிக்கை குறைந்திருக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே விதத்தில் குறைந்தன என்று யாரும் சொல்ல முடியாது.

சென்னை இறங்கிய அதே ஜூலையில் மதுரை ஏறியது, விருதுநகரும் தேனியும் ஏறின, தூத்துக்குடியும் கன்னியாகுமரியும் ஏறின. ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மாநிலத்தின் தினசரி எண்ணிக்கை ஐந்தாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் நடுவிலேயே நின்றது. "நிலைமை சீராக இருக்கிறது" என்றார்கள். சீராக இருந்தது கூட்டுத்தொகை மட்டும்தான். அடியில் ஒரு மாவட்டம் இறங்க இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தது. விருதுநகரில் ஆக்ஸிஜன் படுக்கை தேடியவருக்குச் சென்னையில் முகாம் காலியாக இருந்ததால் என்ன பயன்?

தாராவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன்பே போய்க் குடியேறிய தமிழர்கள் வாழும் இடம் என்பதால் நமக்கு அது அயலூர் அல்ல. இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் எட்டு, பத்து லட்சம் பேர். 2020 ஏப்ரல் 1 அன்று முதல் தொற்று. ஜூலையில் தினசரி எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். வீடுவீடாகப் போன மருத்துவர்களும் மாநகராட்சி ஊழியர்களும் அந்தப் பாராட்டுக்கு முழுத் தகுதி உடையவர்கள். ஆனால் அதே ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் (தாராவி அவற்றில் இல்லை) எடுத்த கணக்கெடுப்பு, குடிசைப் பகுதிகளில் 57 சதவீதத்தினருக்கும் மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதத்தினருக்கும் தொற்று வந்து போயிருந்ததைக் காட்டியது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரு கழிப்பறை இருக்கும் இடத்தில் ஊரடங்கு என்பது பெயருக்குத்தான். தாராவியிலும் பலருக்கு ஏற்கெனவே வந்து போயிருக்கக்கூடும் என்பதும், ஆயிரக்கணக்கானோர் ரயிலேறிச் சொந்த ஊர் போய்விட்டதும் அந்த இறக்கத்தில் பங்குபெற்றிருக்க வேண்டும். 2021 மார்ச்சில் இரண்டாம் அலை தொடங்கியபோது மும்பையில் தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் அடுக்குமாடிக் கட்டடங்களில் வசிப்பவர்கள் என்று மாநகராட்சியே சொன்னது. முதல் முறை தப்பியவர்களை நோய் இரண்டாம் முறை தேடி வந்தது.

இது கொரோனாவுக்கு மட்டும் உரிய குணமல்ல. 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வியில் பிளேக் தலைகாட்டியபோது அதை முதலில் அடையாளம் கண்டவர் மருத்துவர் அகாசியோ வியேகாஸ். அடுத்த பிப்ரவரியில் பிறந்த தொற்றுநோய்கள் சட்டத்தைத்தான் 2020 மார்ச்சிலும் தூசி தட்டி எடுத்தோம். அடுத்த கால் நூற்றாண்டில் பிளேக் ஏறக்குறைய ஒரு கோடி இந்தியரைக் கொன்றது. 1907இல் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல், அதில் பெரும்பங்கு பஞ்சாபில். சென்னை நகரமோ பெரும்பாலும் தப்பித்தது. பெல்லாரி, சேலம், கோவை என மைசூர்ப் பக்கத்து மாவட்டங்களைத் தொட்ட நோய் — கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோவில் இருக்கிறது — கடற்கரைச் சென்னையில் வேரூன்றவில்லை. சென்னை மாகாணத்தில் அப்போது 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒரு முறை இருந்தது. நோய் கண்ட ஊரிலிருந்து வரும் ரயில் பயணியிடம் அந்தத் தாளைக் கொடுத்துவிடுவார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் அவர் குறித்த நாட்கள் வரை அதிகாரி முன் ஆஜராக வேண்டும். 2020இன் இ-பாஸுக்குப் பாட்டன் என்று சொல்லலாம். சென்னை தப்பியது அந்தத் தாளால்தான் என்று நம்புவது எளிது.

விடையைத் தேடியவர் கடலுக்கு அப்பால் கொழும்பில் இருந்தார். 1914இல் அங்கே பிளேக் வந்தபோது நகரின் நுண்ணுயிரியல் அறிஞர் ஃபேபியன் ஹர்ஸ்ட் எலிகளைப் பிடித்து, அவற்றின் மேல் இருந்த தெள்ளுப்பூச்சிகளை வகை பிரித்தார். வட இந்தியாவில் பிளேக்கைக் கொண்டுபோன இனம் கொழும்பில் அரிது. பெருவாரியாக இருந்தது அதன் உறவான இன்னோர் இனம். அது பிளேக்கைக் கடத்துவதில் மந்தம். கொழும்பில் பிளேக் கொடிகட்டிய இடங்களைப் பார்த்தால், தானியக் கிட்டங்கிகள் இருந்த புறக்கோட்டைப் பக்கம். இந்தியாவிலிருந்து வந்த மூட்டைகளோடு வீரியமுள்ள தெள்ளும் வந்து இறங்கியிருந்தது. சென்னையிலும் அந்த மந்தமான இனமே மிகுதி. பாஸ்போர்ட்டுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். ஆனால் பெரும் பங்கு யாரும் நன்றி சொல்லாத ஒரு பூச்சிக்கு. நாம் ஏன் தப்பித்தோம் என்று கேட்ட ஊருக்கு எங்கே காவல் போட வேண்டும் என்பதும் தெரிந்தது: மனிதரைவிட மூட்டையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். தப்பித்ததற்கான காரணத்தைத் தேடுவது பெருமையைக் குறைக்கும் வேலை அல்ல, அடுத்த முறை எதைச் செய்வது என்று அறிந்துகொள்ளும் வேலை.

1918இல் பெருமை கொள்ள யாருமே இல்லை. அரசு பெரிதாக எதையும் செய்யவில்லை. ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கிய காய்ச்சல் முதலில் லேசாக வந்து போனது. செப்டம்பரில் திரும்பிவந்து அக்டோபர் 6 அன்று பம்பாயில் ஒரே நாளில் 768 பேரைக் கொண்டுபோனது. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்திருந்தது. உலகப் போரால் அரிசி விலை கண்டபடி ஏறி, செப்டம்பரில் சென்னையிலேயே மக்கள் தானியக் கடைகளைச் சூறையாடினார்கள். பசித்த உடம்பில் ஏறிய காய்ச்சல். நாடு முழுவதும் இறந்தவர்கள் 1 கோடியே 20 லட்சம் முதல் 2 கோடி வரை என்கின்றன பிற்கால மதிப்பீடுகள்.

ஆனால் அந்தச் சாவு சமமாக விழவில்லை. பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் சுடுகாடாயின. சென்னை மாகாணத்தில் அதைவிடக் குறைவு. வங்காளத்தில் இன்னும் குறைவு. மேற்கிலிருந்து கிழக்கே நகர நகர நோயின் வேகம் தளர்ந்தது, உச்சம் தாழ்ந்தது, ஆனால் நீடித்த காலம் கூடியது. கிருமி வழியில் வீரியம் இழந்ததா, ஈரப்பதமா, மழையா, கிழக்கில் பஞ்சம் அவ்வளவு கடுமையாக இல்லாததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நூறு ஆண்டு கழித்து இப்படி விவாதிக்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் கிராம முன்சீப்பும் கர்ணமும் எழுதிவைத்த பிறப்பு இறப்புப் பதிவேடு. காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், பேதி எனச் சில கட்டங்கள் மட்டுமே கொண்ட பதிவேடு அது. இன்ஃப்ளூயன்ஸாவுக்கு அதில் இடமில்லை. 'காய்ச்சல்' என்ற கட்டத்தில் அடித்துத் தள்ளினார்கள். காய்ச்சல் வந்து கர்ணமே படுத்துவிட்ட ஊர்களில் பதிவு விட்டுப்போனது. இத்தனை ஓட்டையோடும் அந்த ஏடுகள் மாவட்டவாரியாக, மாதவாரியாக அச்சேறின. இன்றைய ஆய்வாளர்கள் அலையின் பாதையை வரைவது அவற்றைக் கொண்டுதான்.

2021இன் இரண்டாம் அலையும் ஏறக்குறைய அதே பாதையில் நடந்தது. மும்பை ஏப்ரல் தொடக்கத்தில் உச்சம் தொட்டு இறங்கியது. டெல்லி ஏப்ரல் மூன்றாம் வாரம். நாட்டின் மொத்த எண்ணிக்கை மே 6ஆம் தேதி வாக்கில் 4,14,188. தமிழ்நாடு மே 21 அன்று 36,184. மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையைத் தாண்டியது. மிசோரம் செப்டம்பர் வந்தும் இறங்கவில்லை. டெல்லி ஆக்ஸிஜன் இன்றித் தவித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த தமிழ்நாட்டுக்கு ஏறக்குறைய ஒரு மாத அவகாசம் இருந்தது. அந்த மாதத்தில் நமக்கு ஒரு சட்டமன்றத் தேர்தலின் முடிவுக்கான காத்திருப்பு இருந்தது. சென்னையில் அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன, உள்ளே படுக்கை கிடைக்கும் வரை நோயாளிகள் வண்டியிலேயே ஆக்ஸிஜன் பெற்றார்கள். அவகாசம் எப்படிக் கழிந்தது என்பதற்கு அந்த வரிசையே கணக்கு.

இறங்கும்போது மறுபடியும் பழைய தவறு. நாடே இறங்கியபின் கேரளம் மட்டும் இறங்க மறுத்தது. ஜூலைக் கடைசியில் இந்தியாவின் தினசரித் தொற்றில் பாதி கேரளத்தில். மத்தியக் குழு பறந்து வந்தது. முந்தைய ஆண்டு 'கேரள மாதிரி' என்று புகழ்ந்த அதே பத்திரிகைகள் அது தோற்றுவிட்டது என்று எழுதின. அந்த வாரமே நான்காவது தேசியக் கணக்கெடுப்பின் மாநிலவாரி எண்கள் வெளிவந்தன. நாடு முழுவதும் 67.6 சதவீதத்தினரிடம் எதிர்ப்பொருள்கள். மிக அதிகம் மத்தியப் பிரதேசம், 79. மிகக் குறைவு கேரளம், 44.4. கேரளம் தன் மக்களில் பாதிப் பேரைத் தொற்றிலிருந்து காத்து, தடுப்பூசி கிடைக்கும் காலம் வரை கொண்டுவந்து சேர்த்திருந்தது. அதனால்தான் அங்கே நோய்க்கு இன்னும் ஆள் மிச்சம் இருந்தது, எண்ணிக்கை இறங்கத் தாமதமானது. மத்தியப் பிரதேசத்தில் வேகமாக இறங்கியதற்குக் காரணம் அங்கே பெரும்பாலோருக்கு வந்து முடிந்திருந்தது என்பதே. கேரளத்துக்கும் முழு நற்சான்று தர முடியாது. விடுபட்ட மரணங்களை, ஆயிரக்கணக்கில், பின்னர்தான் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும், வேகமாக இறங்கிய மாநிலம் கெட்டிக்கார மாநிலம் என்ற அந்த ஆண்டின் பொதுப்புத்தி தப்பு.

நம் மாநிலத்துக்குள்ளேயும் அதே கணக்கு. 2021 ஜூன், ஜூலையில் எடுத்த மாநிலக் கணக்கெடுப்பில் விருதுநகர் 84 சதவீதம், ஈரோடு 37 சதவீதம். ஈரோடும் கோவையும் அந்த மழைக்காலம் முழுதும் பட்டியலின் மேல் வரிசையிலேயே நின்றன. கொங்கு மண்டல மக்கள் கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று அப்போது பேச்சு அடிபட்டது. பேசியவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

2022 ஜனவரியில் ஓமைக்ரான் வந்து சில வாரங்களில் இறங்கியது. தடுப்பூசியும் முந்தைய தொற்றும் சேர்ந்து சாவைப் பெருமளவு தடுத்தன. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை விலக்கிக்கொண்டது. அதோடு பேச்சும் நின்றது.

நிற்கக் கூடாத ஒன்று கணக்கு. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் கொரோனாவால் இறந்தவர்கள் சுமார் 4.8 லட்சம் என்பது அரசின் எண். நேரடியாகவும் மறைமுகமாகவும் 47 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதன் கணக்கு முறையை அரசு ஏற்கவில்லை. எது சரி என்பதை நெருங்க உதவும் குடிமைப் பதிவு அறிக்கை, 2021ஆம் ஆண்டுக்குரியது, 2025 மே மாதம்தான் வெளியானது. 2019இல் பதிவான இறப்புகள் சுமார் 76 லட்சம். 2020இல் 81 லட்சம். 2021இல் 1 கோடியே 2 லட்சம். ஒரே ஆண்டில் 21 லட்சம் கூடியிருக்கிறது. பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் அதில் ஒரு பகுதி என்று வாதிடலாம். மாவட்டவாரி, மாதவாரி எண்களைப் பொதுவில் வைத்தால் அந்த வாதத்தையும் சோதித்துப் பார்க்கலாம். எந்த ஊரில் நோய் தணிந்தது, எந்த ஊரில் கணக்கு மட்டும் தணிந்தது என்பதையும் அப்போதுதான் பிரித்தறிய முடியும்.

தமிழ்நாடு அரசு இதற்கு டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பிறப்பு இறப்புப் பதிவேடுகள் இங்கே உள்ளாட்சிகளிலும் கிராம நிர்வாக அலுவலர்களிடமும் இருக்கின்றன, பெரும்பாலும் கணினியில் ஏறிவிட்டன. 2018 முதல் 2022 வரையிலான இறப்புகளை மாவட்டம், மாதம், வயது வாரியாக, பெயர்களை நீக்கிவிட்டு வெளியிட ஓர் அரசாணை போதும். 1918இல் இழந்ததை 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மூன்றே ஆண்டுகளில் காட்டியது. பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகை குறைந்தது அந்த ஒரு முறைதான். 1881 முதல் ஒருமுறையும் தவறாத அந்தக் கணக்கெடுப்பு 2021இல் நடக்கவில்லை. இப்போது அதற்குக் குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1.